அறிதுயில்: துணை வேறு, மாற்று வேறு

'ஹிப்னாடிசம்' என்றதும் மேடை வித்தை நினைவுக்கு வருவது இயல்பு. அதனாலேயே ஒருசாரார் அதனை ஏமாற்று வேலை என ஒதுக்குகின்றனர். மற்றொரு சாராரோ, பெற்றுவரும் மனநல சிகிச்சையைக் கைவிட்டு அதனை நாடுகின்றனர். இவற்றுள் இரண்டாவதே ஆபத்தானது.

அறிதுயில் உறக்கமன்று. கவனம் ஒன்றில் குவிந்து, சிகிச்சையாளர் கூறும் கருத்துகளை மனம் எளிதில் ஏற்கும் நிலை அது. இந்தியாவுக்கு இது புதிதுமன்று. மயக்க மருந்துகள் புழக்கத்துக்கு வருமுன்பே, 1845-இல் வங்கத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், இதன் முன்னோடியான மெஸ்மரிச முறையில் அறுவை சிகிச்சைகள் செய்தார்.

மத்திய சுகாதாரத் துறை 2003 நவம்பரில் வெளியிட்ட ஆணை, அறிதுயிலைத் தனி மருத்துவ முறையாக அங்கீகரிக்கவில்லை. பதிவுபெற்ற மருத்துவர்களோ தக்க பயிற்சி பெற்றோரோ கையாளத்தக்க ஒரு சிகிச்சை உத்தி என்றே அது கூறியது.

பொருளாதாரத்தில் பதிலீட்டுப் பண்டம், நிரப்புப் பண்டம் என்ற பாகுபாடு உண்டு. காபிக்குத் தேநீர் பதிலீடு. பேனாவுக்கு மை நிரப்பு. அறிதுயில் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இர்விங் கிர்ஷ் குழுவினர் 1995-இல் 18 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். அறிதல்-நடத்தை சிகிச்சையுடன் அறிதுயிலும் பெற்ற சராசரி நோயாளி, அச்சிகிச்சையை மட்டும் பெற்றோரில் சுமார் 70 சதவீதத்தினரைவிடக் கூடுதல் முன்னேற்றம் கண்டிருந்தார். பிந்தைய ஆய்வுகள் இப்பலனைச் சற்றுக் குறைவாகவே மதிப்பிடுகின்றன. ஆயினும் பலன் இல்லை என்று கூறவில்லை.

மின்தூக்கியில் ஏற அஞ்சும் ஒருவரைக் கொள்வோம். அச்சத்தின் வேரை ஆராய்ந்து அவரது எண்ணங்களைச் சீராக்குவது உளவியல் சிகிச்சை. மின்தூக்கியில் அமைதியாகச் செல்வதை மனக்கண்ணில் ஒத்திகை பார்க்க உதவுவது அறிதுயில். அதற்குக் குறிப்பிட்ட இலக்கும் வரையறுத்த அமர்வுகளும் போதும். நோயாளியின் ஒப்புதலுடன் இரு சிகிச்சையாளர்களும் கலந்து பேச வேண்டும். தகவல்களின் இரகசியம் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை.

எச்சரிக்கையும் தேவை. மனப்பிறழ்வு நோய் உள்ளோருக்கு மனநல மருத்துவரின் ஆலோசனையின்றி இதனை மேற்கொள்ளலாகாது. 'மறந்த நினைவுகளை மீட்போம்' என்பாரை நம்பலாகாது. அவ்வாறு எழும் நினைவுகள் பொய்யாகவும் இருக்கலாம். மருந்துகளைத் தாமாக நிறுத்துவது கூடவே கூடாது.

இதில் செலவுக் கணக்கும் உண்டு. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைத் தொழிலாளிக்கு ஓர் அமர்வு என்பது கட்டணத்துடன் ஒரு நாள் கூலி இழப்பும்தான். துணைச் சிகிச்சைக்குப் பணத்தைக் கொட்டி மூல சிகிச்சையை இழந்தால், நட்டம் இருமடங்கு.

எனவே அறிதுயில் அளிப்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றே: "என் மருத்துவரிடம் கலந்து பேசுவீர்களா?" அவர் தயங்கினால் எழுந்து வந்துவிடுவதே நல்லது.