சிறிய நாய்க்குட்டிக்கும் பயிற்சி வேண்டும்

தோட்டக் காவலுக்கும் ஆட்டுப் பட்டிக்கும் நாட்டு நாய் வளர்ப்பது நம் கிராமங்களில் பழைய வழக்கம். பட்டியில் பிறந்த குட்டி, மூத்த நாயின் பின்னால் சுற்றித் தானாகவே வேலை பழகிக்கொள்ளும். ஆனால் இப்போது பல விவசாயிகள் வீட்டிலும் குழந்தைகளின் ஆசைக்காக வெள்ளைச் சடை நாய்க்குட்டியை விலை கொடுத்து வாங்குகிறார்கள். 'பொமரேனியன்' என்று சொல்லி விற்கப்படும் இவற்றில் பெரும்பாலானவை இந்திய ஸ்பிட்ஸ் என்னும் இனத்தைச் சேர்ந்தவை. இதில் சிறிய வகை முழு வளர்ச்சியடைந்த பிறகும் 5 முதல் 7 கிலோ எடைதான் இருக்கும்.

உருவம் சிறியது என்பதால் இதற்குப் பயிற்சி தேவையில்லை என்று பலர் நினைக்கின்றனர். இரண்டு மாதக் குட்டி காலைக் கவ்வினால் வீட்டார் சிரிக்கிறார்கள். விருந்தினரைப் பார்த்துக் குரைத்தால் 'நல்ல காவல்' என்று பாராட்டுகிறார்கள். அதே நாய் ஒரு வயதில் பால்காரரையும் பக்கத்து வீட்டுக் குழந்தையையும் கடிக்கும்போது சங்கிலியில் கட்டுகிறார்கள். நாள் முழுவதும் கட்டிக் கிடக்கும் நாய்க்குச் சினம் கூடும். முடிவில் அதை வேற்றூரில் கொண்டுபோய் விட்டுவிடுவதும் உண்டு. குற்றம் நாயினுடையதன்று. பழக்க வேண்டிய வயதில் அதைப் பழக்கவில்லை.

காளையை ஏருக்கும் வண்டிக்கும் பழக்க இரண்டரை, மூன்று வயது வரை காத்திருக்கிறோம். நாய்க்குட்டிக்கு அவ்வளவு காலம் கிடையாது. அதன் பயிற்சிக் காலத்தை வாரக் கணக்கில் எண்ண வேண்டும்.

பழகும் பருவம்

பிறந்த 3-வது வாரம் முதல் சுமார் 12-வது வாரம் வரை உள்ள காலமே நாய்க்குட்டி புதியவற்றை அச்சமின்றி ஏற்றுக்கொள்ளும் பருவம். அமெரிக்காவில் பார் ஹார்பர் என்னும் ஊரிலுள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 1961-ல் வெளியாயிற்று. உயர்ந்த வேலியடைத்த வெளியில், மனிதரோடு பழக்கமே இல்லாமல் குட்டிகளை வளர்த்தனர். வெவ்வேறு வயதில் சில குட்டிகளை மட்டும் வெளியே எடுத்து ஒரு வாரம் மனிதரோடு பழகவிட்டனர். ஒரே வாரப் பழக்கம் கிடைத்த குட்டிகளும் மனிதரை ஏற்றுக்கொண்டன. 14 வாரம் வரை அந்தப் பழக்கமே இல்லாதவை, பின்னர் எவ்வளவு முயன்றும் காட்டு விலங்கு போல அஞ்சி ஒதுங்கின.

இந்தப் பருவத்தில் குட்டி யாரைப் பார்க்கிறதோ, எந்த ஓசையைக் கேட்கிறதோ அவற்றையெல்லாம் 'இது வழக்கமானது' என்று மனத்தில் பதித்துக்கொள்ளும். பார்க்காதவற்றைப் பிற்காலத்தில் பகையாக நினைக்கும். சிறிய நாய்கள் ஓயாமல் குரைப்பதற்கும் கடிப்பதற்கும் பெரும்பாலும் அச்சமே காரணம்.

குட்டி வாங்கும்போது

முதலில் குட்டியின் வயதைக் கேட்க வேண்டும். 30, 35 நாளிலேயே குட்டியைப் பிரித்து விற்பவர்கள் உண்டு. அதனை வாங்கக் கூடாது. 8 வாரம் நிறைந்த பிறகே தாயிடமிருந்து பிரிக்க வேண்டும். உடன்பிறந்த குட்டிகளோடு விளையாடும்போது அழுத்திக் கடித்தால் மற்ற குட்டி கத்திக்கொண்டு விளையாட்டை நிறுத்திவிடும். 'இவ்வளவு அழுத்திக் கடிக்கக் கூடாது' என்ற முதல் பாடத்தைக் குட்டி இப்படித்தான் கற்கிறது. சீக்கிரம் பிரித்த குட்டிக்கு இந்தப் பாடம் கிடைப்பதில்லை.

முடிந்தால் தாய் நாயையும் பார்க்க வேண்டும். ஆட்களைக் கண்டு நடுங்கும் தாயின் குட்டியும் பெரும்பாலும் அச்ச சுபாவமுடையதாக இருக்கும். கண், மூக்கு சுத்தமாகவும், வயிறு பானை போல் உப்பாமலும், கூப்பிட்டால் ஓடி வருவதாகவும் உள்ள குட்டியைத் தேர்ந்தெடுக்கலாம்.

உணவு

சிறிய இனக் குட்டியின் வயிறு மிகச் சிறியது. 3 மாதம் வரை நாளொன்றுக்கு 4 வேளையும், 6 மாதம் வரை 3 வேளையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்து குட்டி தள்ளாடும், நடுங்கும், மயங்கும். அப்போது வெல்லக் கரைசலைச் சிறிது ஈறில் தடவிவிட்டு உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். மயங்கிய குட்டியின் வாயில் நீரையோ பாலையோ ஊற்றினால் அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

குழைந்த சோற்றுடன் வேகவைத்த முட்டை அல்லது கோழி இறைச்சி சேர்த்துக் கொடுக்கலாம். பால் அதிகமானால் கழிச்சல் உண்டாகும். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பு, சாக்லேட், திராட்சை ஆகியவை நாய்க்கு நஞ்சாகும். ஆடு அறுத்த இடத்திலிருந்து பச்சையான ஈரல், நுரையீரல் கழிவுகளைப் போடக் கூடாது. அவற்றில் உள்ள நீர்க்கட்டிகளின் மூலம் நாயின் குடலில் நாடாப்புழு வளரும். அதன் முட்டைகள் குழந்தைகளின் வயிற்றுக்குள் போனால் ஈரலில் கட்டி உண்டாகும்.

மலம், சிறுநீர் பழக்குதல்

குட்டி தூங்கி எழுந்தவுடன், தின்றவுடன், விளையாடி முடித்தவுடன் சிறுநீர் கழிக்கும். இந்த மூன்று வேளைகளையும் தவறவிடாமல், வீட்டுக்கு வெளியே ஒரே இடத்துக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். அது கழித்து முடிக்கும் வரை பேசாமல் காத்திருந்து, முடித்த அந்த நொடியில் 'நல்ல பிள்ளை' என்று தட்டிக்கொடுத்துப் பொட்டுக்கடலை அளவு முட்டைத் துண்டு ஒன்றைக் கொடுக்க வேண்டும். இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடக்கிக்கொள்ள முடியாது. எனவே இடையிலும் ஒரு முறை வெளியே கொண்டுபோவது நல்லது. இரவில் ஒருமுறையாவது எழுந்தாக வேண்டும்.

ஆள் கவனிக்க முடியாத சிறு நேரத்துக்கு, கழுவி வெயிலில் காய வைத்த கோழிப் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, உள்ளே பழைய சாக்கை விரித்து அதில் விடலாம். தான் படுக்கும் இடத்தை அசுத்தம் செய்ய நாய் விரும்புவதில்லை. ஆனால் பஞ்சாரத்தைத் தண்டனைக்கோ மணிக்கணக்கில் அடைத்து வைக்கவோ பயன்படுத்தக் கூடாது.

வீட்டுக்குள் அசுத்தம் செய்துவிட்டால் மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பதும் அடிப்பதும் பயனற்றவை. ஒரு செயலுக்கும் அதன் பலனுக்கும் இடையே ஓரிரு விநாடிகள் சென்றுவிட்டாலே நாயால் இரண்டையும் எளிதில் தொடர்புபடுத்த முடியாது. அரை மணி கழித்து அடித்தால், அடிக்கும் கை பொல்லாதது என்பதை மட்டுமே அது கற்றுக்கொள்ளும். பிறகு ஆள் இல்லாத கட்டிலடியில் ஒளிந்து கழிக்கும். சோப்பு நீரால் வாடை போகக் கழுவிவிட்டு, அடுத்த வேளையில் முன்கூட்டியே வெளியே தூக்கிச் செல்வதே மருந்து.

கவ்வுதலும் கடித்தலும்

பால் பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும் 4 முதல் 6 மாதம் வரை குட்டிக்கு ஈறு அரிக்கும். அது கையைக் கவ்வினால் உடனே விளையாட்டை நிறுத்தி எழுந்துவிட வேண்டும். அரை நிமிடம் அதைப் பார்க்கவே கூடாது. பிறகு கடிப்பதற்கு முடிச்சுப் போட்ட பழந்துணியைக் கொடுக்கலாம். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். அப்பா கண்டிப்பதும் பிள்ளைகள் கையைக் கொடுத்துக் கடிக்கவிடுவதுமாக இருந்தால் குட்டி ஒன்றும் கற்காது.

நாள்தோறும் குட்டியின் காதையும் பாதத்தையும் வாயையும் மெதுவாகத் தொட்டுப் பார்த்து, உடனே ஒரு துண்டு தீனி கொடுக்க வேண்டும். நாளை உண்ணி எடுக்கவும், சடை சீவவும், மருத்துவர் ஊசி போடவும் இப்பழக்கம் உதவும். தின்னும்போதும் தூங்கும்போதும் நாயைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று குழந்தைகளுக்கும் கற்பிக்க வேண்டும். சிறு குழந்தையையும் நாயையும் தனியே விட்டுச் செல்லக் கூடாது.

நான்கு சொற்கள் போதும்

பெயர் சொன்னால் திரும்பிப் பார்ப்பது, 'வா', 'உட்கார்', 'விடு' ஆகிய நான்கும் பண்ணை வீட்டு நாய்க்குப் போதுமானவை. ஒரு வேளைக்கு 5 நிமிடம், நாளைக்கு மூன்று வேளை பயிற்சி கொடுத்தால் போதும்.

'உட்கார்' பழக்க, தீனித் துண்டை மூக்கின் முன் காட்டிக் கையை மெதுவாகத் தலைக்கு மேல் கொண்டுசெல்ல வேண்டும். தலை நிமிர, பின்பகுதி தானாகத் தரையில் படும். அந்த நொடியில் சொல்லைச் சொல்லித் தீனியைக் கொடுக்க வேண்டும். 'வா' என்று அழைத்து வந்த பிறகு ஒருபோதும் கண்டிக்கக் கூடாது. கண்டித்தால் அடுத்த முறை வராது. 'விடு' என்ற சொல், எலி மருந்து தடவிய கருவாட்டைக் கவ்விய நாயின் உயிரைக் காக்கக் கூடியது. வாயிலுள்ள பொருளை விடும்போதெல்லாம் அதைவிடச் சுவையான ஒன்றைக் கொடுத்துப் பழக்க வேண்டும்.

கயிற்றில் நடத்திச் செல்ல, கழுத்துப் பட்டையைவிட மார்புப் பட்டை நல்லது. சிறிய இனங்கள் சிலவற்றின் மூச்சுக்குழல் எளிதில் நசுங்கக் கூடியது. கழுத்தில் இழுத்தால் நாளடைவில் வறட்டு இருமல் வரும்.

கோழியும் ஆடும் உள்ள வீட்டில்

ஓடும் கோழிக்குஞ்சைத் துரத்துவது நாயின் இயல்பு. குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, கோழிகள் மேயும் இடத்துக்குத் தொலைவில் உட்கார வேண்டும். குஞ்சைப் பார்த்துவிட்டு நம் பக்கம் திரும்பும்போதெல்லாம் தீனி கொடுக்க வேண்டும். நாள்தோறும் தூரத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். ஒரு வயது வரை ஆளில்லாத நேரத்தில் கோழிகளோடு அவிழ்த்துவிடக் கூடாது. குட்டிக்கும் ஆபத்து உண்டு. குஞ்சுக் கோழி கண்ணைக் கொத்திவிடும். மாட்டின் உதை பட்டால் சிறிய குட்டி பிழைப்பது அரிது.

தடுப்பூசியும் வெளிப்பழக்கமும்

முதல் முறையாக நாய் வளர்ப்போருக்கு ஒரு சிக்கல் இங்கே எழும். 1978-ஐ ஒட்டி உலகில் பரவத் தொடங்கிய பார்வோ என்னும் இரத்தக் கழிச்சல் நோயின் கிருமி, மண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆகவே தடுப்பூசி முடியும் முன் தெருவில் விடக் கூடாது. தடுப்பூசிகள் முடிய 16 வாரம் ஆகும். ஆனால் பழகும் பருவமோ 12-வது வாரத்தோடு மூடத் தொடங்கிவிடும்.

இதற்கு வழி எளிது. குட்டியைத் தரையில் விடாமல் கையிலோ கூடையிலோ எடுத்துச் சென்று உலகைக் காட்ட வேண்டும். தலைப்பாகை கட்டியவர், தடி ஊன்றிய முதியவர், பள்ளிப் பிள்ளைகள், மோட்டார் சைக்கிள், டிராக்டர், பம்புசெட் ஓசை, கோயில் மேளம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக, அச்சப்படாத தூரத்திலிருந்து காட்டித் தீனி கொடுக்கலாம். தடுப்பூசி போட்ட, நலமான நாய் உள்ள உறவினர் வீட்டுக்கும் கொண்டு செல்லலாம்.

பார்வோ, டிஸ்டம்பர், எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 முதல் 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி 3 மாதம் நிறைந்ததும் போட வேண்டும். அடுத்த ஊசிகளை மருத்துவர் குறித்துத் தரும் தேதிகளில் தவறாமல் போட வேண்டும். குடற்புழு மருந்தை 3 மாதம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறையும், 6 மாதம் வரை மாதம் ஒருமுறையும் எடைக்கேற்பக் கொடுக்க வேண்டும்.

பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தை உண்ணிக்காக நாயின் மேல் தெளிப்பது சில ஊர்களில் நடக்கிறது. இது குட்டியைக் கொன்றுவிடும். உண்ணிக்கு உரிய மருந்தைக் கால்நடை மருத்துவரிடமே பெற வேண்டும். காலி மருந்து டப்பாக்களையும் எலி மருந்தையும் குட்டிக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

கடித்துவிட்டால்

குட்டிதானே, வீட்டு நாய்தானே என்று எண்ணக் கூடாது. தெருநாய் கடித்த குட்டியிடமிருந்தும் வெறிநோய் மனிதருக்கு வரும். நோய்க்குறி தோன்றிய பிறகு உயிர் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. 1885-ல் லூயி பாஸ்டர் தடுப்பூசி முறையைக் கண்டார். 1907-லேயே நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது. அப்படியிருந்தும் கடிவாயில் மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் வைத்துக் காலம் கடத்துவோர் இன்னும் உள்ளனர்.

பல் பட்டாலும் நகம் கீறினாலும், உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். கட்டுப் போடக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். இரத்தம் வந்த காயமானால் அங்கே காயத்தைச் சுற்றி எதிர்ப்பு மருந்தும் போடுவார்கள். மருத்துவர் சொன்ன எல்லாத் தவணைகளையும் முடிக்க வேண்டும். இரண்டு ஊசியோடு நிறுத்திவிடக் கூடாது.

குட்டி வாங்க எண்ணியுள்ளவர்கள், அதை வீட்டுக்குக் கொண்டுவந்த வாரத்திலேயே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துச் சென்று, எடை பார்த்து, தடுப்பூசி அட்டை பெற்றுக்கொள்ள வேண்டும். ஊசி போட வேண்டிய தேதிகளை வீட்டு நாட்காட்டியிலும் குறித்து வைப்பது நல்லது. பயிற்சிக்கும் அன்றே தொடக்கம் செய்துவிட வேண்டும்.