பதினோராம் எண் கூண்டு

1864 அக்டோபர் 5. வங்கக் கடலில் கிளம்பிய புயல், ஹூக்ளி ஆற்றுக்குள் கடலையே ஏற்றிவிட்டது. கல்கத்தாவிலும் சுற்றுவட்டாரத்திலும் மாண்டவர்கள் சுமார் 60,000 பேர். மறு ஆண்டே கல்கத்தா துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை வந்தது. பின்னாலேயே பருவமழை பொய்த்தது, பஞ்சம் வந்தது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 18-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே வானிலைக் குறிப்பு எழுதினார்கள்தான். ஆனால், ஊருக்கு ஊர் தனிக்கணக்கு. அவற்றையெல்லாம் ஒரே குடையின் கீழ் கொண்டுவர, 1875-ல் பிறந்தது இந்திய வானிலை ஆய்வுத் துறை.

அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்ட், இமயமலையின் பனியளவை வைத்துப் பருவமழையைக் கணித்தார். 1904-ல் பொறுப்பேற்ற கணித மேதை கில்பர்ட் வாக்கர், இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் காற்றழுத்தம் மாறி மாறி ஏறி இறங்குவதைக் கண்டுபிடித்தார். இன்று எல் நினோ பற்றி உலகம் பேசுவதற்கு அது ஓர் அடித்தளம்.

கணித்தால் போதுமா? கடலோரத்துக்குச் சேதி போக வேண்டுமே! அதற்குத்தான் துறைமுகக் கூண்டுகள். பகலில் கூம்பும் உருளையும்; இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். 1-ம் எண் என்றால் தொலைவில் புயல் உருவாகலாம். 10-ம் எண் பெரும் அபாயம். அதற்கும் மேலே 11 இருக்கிறது: வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது, நிலைமை மோசமாகலாம் என்று பொருள். சேதி வராததையே ஆபத்தாக எண்ணிய ஏற்பாடு இது.

1983-ல் இன்சாட்-1பி செயற்கைக்கோள் வானேறியது. 2002-ல் சென்னையில் டாப்ளர் ரேடார் நிறுவப்பட்டது. ஆனால், கருவி மட்டும் உயிர் காப்பதில்லை. 1999-ல் ஒடிசாவைத் தாக்கிய சூப்பர் புயல் வருவதும் முன்பே தெரிந்ததுதான். அப்படியும் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2013-ல் அதே ஒடிசாவின் கோபால்பூர் அருகே பாய்லின் புயல் கரையைக் கடந்தபோது உயிரிழப்பு இரட்டை இலக்கத்தோடு நின்றது. இடைப்பட்ட காலத்தில் கணிப்பு கூர்மையானது. கரையோரத்தில் புயல் பாதுகாப்பு மையங்களும் எழும்பின. சுமார் பத்து லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள்.

சறுக்கலும் உண்டு. 2021 டிசம்பர் 30 அன்று சென்னையில் கொட்டித் தீர்த்த மழையை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சில மணி நேரத்தில் திரண்டு கொட்டும் மழைதான் இன்றைய சவால். அதற்கு இன்னும் ரேடார்கள் வேண்டும், வேகமான கணினிகள் வேண்டும். வாங்கிவிடலாம். அறிவிப்பு வந்த இரவிலேயே கரையோரக் குடிசைக்கு வண்டி அனுப்பும் நிர்வாகத்தை மட்டும் விலைக்கு வாங்க முடியாது. ஒடிசா போல வளர்த்தெடுக்கத்தான் வேண்டும்.