பில்லில் பளிச்சென்று தெரியட்டும் உங்கள் சின்னம்!

வாசகர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளைகளில் யாராவது சொந்தத் தொழில் நடத்துகிறார்களா? தையற்கடையோ, லாரி ஓட்டமோ, புல்வெட்டும் குத்தகையோ, எதுவானாலும் சரி. அப்படியானால் அவர்கள் கொடுக்கும் பில்லை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். மேலே இருக்கும் தொழிற்சின்னம் தெளிவாக இருக்கிறதா? அல்லது மழையில் நனைந்த தாளைப் போல் கலங்கிக் கிடக்கிறதா?

"சின்ன விஷயம்தானே!" என்று நினைத்துவிடாதீர்கள்.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில், தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்மணியை எனக்குத் தெரியும். இன்று விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் தொழிலை நடத்துகிறார். அவர் தொழில் தொடங்கிய நாளில், காலமெல்லாம் பால்மரம் சீவிய அவருடைய அப்பா பென்சிலால் ஒரு படம் வரைந்து கொடுத்தார். மூன்று இலை கொண்ட ரப்பர் கொத்து. அதுவே தொழிலின் சின்னமாயிற்று.

கணக்கு மென்பொருள் வாங்கி, அதிலிருந்து இன்வாய்ஸ் அச்சிடத் தொடங்கியதும் தொல்லை வந்தது. மூன்று இலையும் ஒரே கறுப்புத் திட்டாக விழுந்தது. ஓர் அலுவலகத்தில் புதிதாக வந்த கிராணி அதைப் பார்த்துவிட்டு, "இது நகல் போலிருக்கிறதே, அசலைக் கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். பணம் கைக்கு வர ஒரு மாதம் தாமதம். கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியும் அதனால் நின்றது. "பணம் போனாலும் வரும். அப்பா வரைந்த படத்தைப் பார்த்து நகல் என்று சொல்லிவிட்டார்களே!" என்று அவர் வருந்தினார்.

குறை எங்கே?

தாய்மார்களே, இதை உங்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். புள்ளிக் கோலம் போடுகிறீர்கள் அல்லவா? கணினியில் உள்ள படமும் புள்ளிகளால் ஆனதே. ஐந்து புள்ளி வைத்துப் போட்ட சிறு கோலத்தை வாசல் முழுவதும் இழுத்து நிரப்பினால் என்ன ஆகும்? இடைவெளி பெரிதாகி, வளைவெல்லாம் கோணலாகிவிடும். சின்னம் மங்குவதும் இதனால்தான்.

கணினித் திரைக்கு ஓர் அங்குலத்தில் சுமார் 100 புள்ளி இருந்தால் போதும், படம் அழகாகத் தெரியும். தாளில் தெளிவாக விழ, ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளியாவது வேண்டும். பில்லில் சின்னம் 5 சென்டிமீட்டர், அதாவது சுமார் 2 அங்குல அகலம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது படத்தின் அகலத்தில் 600 புள்ளி இருக்க வேண்டும். 150 புள்ளி மட்டும் உள்ள படத்தைப் போட்டால், அங்குலத்துக்கு 75தான் கிடைக்கும். திரையில் சரியாகத் தெரிந்தது தாளில் மங்குவதற்கு இதுவே காரணம்.

சிறிய படத்தைக் கணினியில் இழுத்துப் பெரிதாக்கினால் சரியாகிவிடுமா? ஆகாது. இல்லாத புள்ளியைக் கணினி ஊகித்து நிரப்புமே தவிர, உண்மையான கோட்டைக் கொண்டு வராது.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, கைப்பேசிச் செய்தியில் வந்த படத்தை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். அனுப்பும் வழியிலேயே அது சுருக்கப்பட்டிருக்கும். அனுப்புகிறவரிடம், "படமாக வேண்டாம், கோப்பாக அனுப்புங்கள்" என்று கேளுங்கள்.

இரண்டாவது, கோப்பின் வகையைக் கவனியுங்கள். ஜேபெக் வகை, புகைப்படத்துக்கு ஏற்றது. ஆனால் கோடும் எழுத்தும் உள்ள சின்னத்தில், ஓரமெல்லாம் தூசி படிந்ததுபோல் ஆக்கிவிடும். சின்னத்துக்குப் பிஎன்ஜி வகையே நல்லது. இதைவிட மேலானது எஸ்விஜி வகை. அதில் புள்ளியே இல்லை. கோட்டை எப்படி வரைய வேண்டும் என்ற முறைதான் இருக்கும். கோலம் போடும் முறை தெரிந்தவர் சிறு முற்றத்திலும் போடுவார், பெரிய வாசலிலும் போடுவார் அல்லவா? அதைப் போன்றது. சில கணக்கு மென்பொருள்கள் இந்த வகையை ஏற்காது. அப்போது அதிலிருந்தே 600 அல்லது 1200 புள்ளி அகலத்தில் ஒரு பிஎன்ஜி எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, சில மென்பொருள்கள் நாம் கொடுக்கும் படத்தைத் தாமாகவே சிறிதாக்கிவிடும். இன்வாய்ஸ் வடிவத்தைத் திருத்தும் பகுதி இருந்தால், பெரிய படத்தை அங்கே வைத்து, அச்சிடும் அளவை மட்டும் குறைத்துவிடுங்கள்.

குறை படத்திலா, அச்சுப்பொறியிலா என்று அறிய ஒரு வழி உண்டு. இன்வாய்ஸைப் பிடிஎஃப் ஆகச் சேமித்து, திரையில் நான்கு மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். ஓரங்கள் படிக்கட்டுபோல் தெரிந்தால் குறை படத்தில் அல்லது மென்பொருளில். அங்கே சுத்தமாக இருந்து, தாளில் மட்டும் மங்கினால் குறை அச்சுப்பொறியில். மை மிச்சம் பிடிக்கும் 'டிராஃப்ட்' முறையில் அது இருக்கிறதா என்று பாருங்கள். கறுப்பு மை மட்டும் உள்ள அச்சுப்பொறியானால், வெளிர் நிறங்களை விட்டு, முழுக் கறுப்பில் ஒரு சின்னம் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

கார்பன் நகல் எடுக்கும் ஊசி அச்சுப்பொறியில் எவ்வளவு முயன்றாலும் நுண்ணிய கோடு விழாது. அவர்கள் சின்னத்தை மட்டும் அச்சகத்தில் முன்கூட்டியே தாளில் அச்சடித்து வைத்துக்கொள்வதே மேல்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். மலேசியாவில் 2024 ஆகஸ்டு 1 முதல், பெரிய நிறுவனங்களில் தொடங்கி, மின்-இன்வாய்ஸ் முறை படிப்படியாக நடப்புக்கு வந்தது. அப்படிச் சரிபார்க்கப்பட்ட இன்வாய்ஸை அச்சிடும்போது கியூஆர் கட்டமும் தாளில் இடம்பெறும். சின்னம் மங்கினால் மதிப்புக் குறையும். கியூஆர் கட்டம் மிகவும் மங்கினால் கைப்பேசி அதைப் படிக்காமலே போகலாம்.

அந்தப் பெண்மணி என்ன செய்தார்? அப்பாவின் பென்சில் படத்தைப் பத்திரமாக வைத்திருந்தார். அதை அங்குலத்துக்கு 600 புள்ளியில் ஸ்கேன் செய்து, அச்சகத்துத் தம்பியிடம் கொடுத்து எஸ்விஜியாக வரையச் சொன்னார். இப்போது அவருடைய பில்லில் மூன்று இலையும் தனித்தனியாக, நரம்போடு தெரிகின்றன. அசலைக் கொண்டு வா என்று யாரும் கேட்பதில்லை.

ஆகவே வாசகர்களே, உங்கள் சின்னத்தின் அசலை இன்றே தேடி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். நாம் கொடுக்கும் தாள், நாம் போகாத இடத்துக்கெல்லாம் நமக்காகப் போகிறது. அதில் நம் முகம் தெளிவாக இருக்க வேண்டாமா?