ஏலத் தொகையை 52-ஆல் வகுத்துப் பாருங்கள்

மார்ச் 31-ஆம் தேதியோடு பெரும்பாலான ஊர்களில் வாரச்சந்தைக் குத்தகை முடிகிறது. ஏப்ரல் முதல் தேதி புது ஆள் வருவார், புது ரசீதுப் புத்தகம் வரும். அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம்தான் திரும்பத் திரும்பத் தெரிகிறது. சந்தையில் நம்மிடம் காசு வாங்குகிறவர் யார்? நகராட்சி ஊழியரா, தனி ஆளா? அவர் கேட்கிற தொகையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

கீரை விற்கும் ஒருவர் தன் பேரனைக் கொண்டு எழுதச் சொன்ன கடிதத்தில் கேள்வி இன்னும் கூர்மையாக இருந்தது: "சீட்டில் 20 போட்டிருக்கு. வாங்குறது 50. மிச்சம் 30 யாருக்கு?"

இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த 30 ரூபாயைப் பற்றியது.

சந்தையால் ஆன ஊர்

அதற்கு முன், சந்தைக் காசு மன்றத்தின் கைக்கு எப்படி வந்தது என்று பார்ப்போம். மணப்பாறையை எடுத்துக்கொள்வோம். திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில், ரயில் பாதையிலும், சுமார் 40 கிலோமீட்டர். பெயரிலேயே பாறை இருக்கிறது. காவிரிப் பாசனம் எட்டாத மேட்டு நிலம். மழையை நம்பிய வெள்ளாமை என்பதால் இந்தச் சுற்றுவட்டாரத்துக் குடியானவர்களுக்கு வங்கிக் கணக்கைவிடத் தொழுவம்தான் சேமிப்பு. மழை பொய்த்தால் மாட்டை விற்பார்கள். பெய்தால் ஏருக்கு மாடு வாங்குவார்கள். இரண்டுக்கும் சந்தை வேண்டும். அதனால்தான் இங்கே மாட்டுச்சந்தை வேரூன்றியது. செவ்வாய்க்கிழமை மாலையே வண்டிகள் வந்து இறங்கத் தொடங்கும், புதன்கிழமை வியாபாரம். பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்வார்கள், சுழி பார்ப்பார்கள், துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற முறுக்கும் ரயிலும் இந்த ஊரின் பெயரை வெளியே கொண்டுபோயின. உள்ளூரை நிற்க வைத்தது சந்தை.

ஒட்டன்சத்திரம், பொள்ளாச்சி, புஞ்சைப் புளியம்பட்டி என்று தமிழ்நாட்டின் பல சிறு நகரங்களுக்கும் வரலாறு ஏறக்குறைய இதுதான். முதலில் சாலைகள் கூடும் இடத்தில் சந்தை கூடியது. பிறகு அதைச் சுற்றிக் கடைவீதி, கடைவீதியைச் சுற்றி ஊர், கடைசியாக ஊரை ஆள ஒரு மன்றம். மன்றம் வந்ததும் முதலில் கை வைத்த வருமானம் சந்தைக் காசு.

நிலை என்றால் தரம் அல்ல

மன்றத்தின் வருமானமே ஊரின் பலகையையும் முடிவு செய்கிறது. 'சிறப்பு நிலைப் பேரூராட்சி' என்ற பலகையைப் பார்த்து, சிறப்பாக நிர்வகிக்கப்படும் ஊர் என்று சில வாசகர்கள் நினைத்திருக்கிறார்கள். அதற்கும் நிர்வாகத்துக்கும் தொடர்பில்லை. ஆண்டு வருமானம் 4 லட்சத்துக்கு மேல் இருந்தால் இரண்டாம் நிலை, 8 லட்சத்தைத் தாண்டினால் முதல் நிலை, 16 லட்சத்தைத் தாண்டினால் தேர்வு நிலை, 20 லட்சத்தைத் தாண்டினால் சிறப்பு நிலை. சாக்கடை ஓடுகிறதா, குடிநீர் வருகிறதா என்பதெல்லாம் இந்த அளவுகோலில் இல்லை. பணம் எவ்வளவு வருகிறது என்பது மட்டுமே இருக்கிறது.

"எங்கள் ஊர் கிராமமா நகரமா?" என்று கேட்டவர்களுக்கு: குழப்பம் உங்களுடையதல்ல. 2004-இல் 50 பேரூராட்சிகள் மூன்றாம் நிலை நகராட்சிகளாக உயர்ந்தன. மீதி 561 பேரூராட்சிகளை அரசு ஓர் அவசரச் சட்டத்தால் சிறப்புக் கிராம ஊராட்சிகள் என்று மாற்றியது. 2006-இல் அவையே மீண்டும் பேரூராட்சிகள் ஆயின. ஊர் இருந்த இடத்தில்தான் இருந்தது. பலகை மட்டும் இரண்டு முறை மாறியது. இன்று நகராட்சிகளையும் பேரூராட்சிகளையும் ஆள்வது 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம். இயற்றி 25 ஆண்டுகள் கழித்து, 2023 ஏப்ரல் 13 முதல்தான் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதுவரை நகராட்சிகளை நடத்தியது 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம்.

சட்டம் மாறியது. சந்தையில் காசு வசூலிக்கும் முறை மாறவில்லை.

ஏலம் எப்படி வேலை செய்கிறது

சந்தையில் கடை போடுகிறவர் உட்காரும் தரைக்கு இவ்வளவு, ஒரு மாட்டுக்கு இவ்வளவு, ஆட்டுக்கு இவ்வளவு, ஒரு வண்டி பாரத்துக்கு இவ்வளவு என்று கட்டணத்தை நிர்ணயிப்பது நகர்மன்றம். அதற்குத் தீர்மானம் உண்டு, பட்டியல் உண்டு. இதை வசூலிக்கும் உரிமையை மட்டும் மன்றம் ஏலம் விடுகிறது. யார் அதிகத் தொகை கேட்கிறாரோ அவருக்குக் குத்தகை. அவர் மன்றத்துக்கு அந்தத் தொகையைக் கட்டிவிட்டு, ஆண்டு முழுதும் சந்தையில் வசூலித்துக்கொள்வார்.

இரண்டு எண்களைக் கவனியுங்கள். கட்டணப் பட்டியல் தீர்மானத்தால் கட்டப்பட்டது. ஏலத் தொகைக்குக் கட்டு எதுவும் இல்லை. முதல் எண் அசையாது. இரண்டாவது எண் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது. இரண்டையும் ஒரே ஆள் தோளில் கட்டிவிட்டு, நடுவில் என்ன நடக்கிறது என்பதை மன்றம் பார்ப்பதில்லை.

கணக்குக்காக ஒரு சந்தையை வைத்துக்கொள்வோம். ஏலம் 26 லட்சத்துக்குப் போயிருக்கிறது. வாரம் ஒரு நாள் சந்தை, ஆண்டுக்கு 52 நாள். வகுத்தால் ஒரு சந்தை நாளுக்கு 50,000 ரூபாய். அந்தச் சந்தையில் ஆயிரம் கடை, கடைக்குப் பட்டியல்படி 20 ரூபாய் என்றால் வசூல் 20,000. குத்தகைதாரருக்குக் கையில் நாலு ஆளுக்குச் சம்பளம், ரசீது அச்சடிக்கிற செலவு, மழை நாளில் சந்தை கூடாத நட்டம் எதையும் சேர்க்காமலே 30,000 ரூபாய் துண்டு விழுகிறது. அந்தத் துண்டைப் போட வேண்டியவர் கீரைக்காரர்.

எண்கள் ஊருக்கு ஊர் வேறாக இருக்கும். வகுத்தல் மாறாது. ஏலத் தொகை அறிவிக்கப்பட்ட அன்றே, பட்டியல் கட்டணத்தில் அதை ஈட்ட முடியுமா என்பதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். ஏலத்தை முடித்துவைத்த அலுவலருக்கும் அது தெரியும். "கடந்த ஆண்டைவிடக் கூடுதல் தொகைக்கு ஏலம் போனது, நகராட்சிக்கு வருவாய் உயர்வு" என்று செய்திக் குறிப்பு வரும்போது, அந்த உயர்வு எங்கிருந்து வரப்போகிறது என்று ஒரு வரி அதில் இருப்பதில்லை. என்னைத் தொந்தரவு செய்வது இதுதான். மீறல் மறைவாக நடக்கவில்லை. ஏலத் தொகையே அதன் சாட்சியாகப் பொதுவில் நிற்கிறது.

சில வாரங்களுக்கு முன் ஒரு சந்தையில் விடியற்காலை 5 மணிக்குப் போய் நின்றேன். கட்டணப் பலகை கண்ணில் படவில்லை. நுழைவாயிலிலிருந்து உள்ளே தேடியபோது, பழைய பலகை ஒன்று தக்காளிக் கூடைகளுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. பெயின்ட் உதிர்ந்து எண்கள் பாதி அழிந்திருந்தன. தோளில் பை மாட்டிய இளைஞர் ஒருவர் வரிசையாக வந்தார். ரசீது இரண்டு விரல் அகலம், ரோஸ் நிறக் காகிதம், ஓரத்தில் ரப்பர் முத்திரை. கொத்தமல்லிக் கட்டுகளைச் சாக்கின் மேல் பரப்பிக்கொண்டிருந்த மூதாட்டியிடம் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அதில் அச்சான தொகைக்கும் அவர் வாங்கிய தொகைக்கும் இரண்டு மடங்கு வித்தியாசம்.

"ஏம்ப்பா, போன வாரம் முப்பதுதானே?"

"ஏலம் ஏறிப்போச்சு ஆத்தா."

அவர் பொய் சொல்லவில்லை. ஏலம் ஏறியதுதான் காரணம். ஆனால் சட்டப்படி ஏலம் ஏறினாலும் இறங்கினாலும் அந்த மூதாட்டி கொடுக்க வேண்டிய தொகை ஒரு பைசாகூட மாறக் கூடாது. தரைக் கட்டணத்தை உயர்த்த வேண்டுமானால் மன்றம் கூடித் தீர்மானம் போட வேண்டும். அப்படிப் போட்டால் உறுப்பினர்கள் வியாபாரிகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஏலம் அந்தப் பதிலையும் சேர்த்துக் குத்தகைக்கு விட்டுவிடுகிறது.

சந்தைக் காசு பற்றிய இந்தக் கேள்விக்கு வயது அதிகம். முதலாம் குலோத்துங்கனை 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று அழைத்தார்கள். வழியிலும் சந்தையிலும் வாங்குகிற காசு எளியவரை எவ்வளவு அழுத்தியிருந்தால், அதை நீக்கியது ஓர் அரசனுக்குப் பட்டப்பெயராகும்! இன்றும் பல ஊர்களில் இதற்குப் பெயர் சுங்கம்தான்.

அலுவலர்கள் சொல்லும் பதில்

"நேரடியாக வசூலித்தால் குத்தகைத் தொகையில் பாதிகூட வருவதில்லை" என்பது வழக்கமான விளக்கம். மேலே போட்ட கணக்கை வைத்துப் பார்த்தால் அது உண்மையாகவே இருக்கலாம். ஊழியர்கள் பட்டியல்படி வசூலித்தால் 20,000-தான் வரும். அது நேரடி வசூலின் தோல்வி அல்ல. சட்டப்படி வர வேண்டிய தொகையே அவ்வளவுதான்.

இன்னொரு இழப்பும் உண்டு. குத்தகைக்கு விட்ட மன்றத்திடம் சந்தையில் எத்தனை கடை, எத்தனை மாடு, எந்த ஊர் வியாபாரி என்ற கணக்கே இருப்பதில்லை. கணக்கு குத்தகைதாரரின் பையில் இருக்கிறது. கழிப்பறை எத்தனை கட்டுவது, தண்ணீர்த் தொட்டி எங்கே வைப்பது, கூரை எவ்வளவு போடுவது என்று திட்டமிட எதுவும் மிஞ்சுவதில்லை. காசு வாங்குகிறவருக்குக் கூட்டிப் பெருக்கும் கடமை இல்லை; பெருக்க வேண்டியவருக்கு எவ்வளவு வசூலாகிறது என்று தெரியாது.

மற்ற கேள்விகள், சுருக்கமாக

உழவர் சந்தையிலும் கட்டணம் உண்டா? இல்லை. 1999 நவம்பர் 14-இல் மதுரையில் முதலாவது திறந்த நாள் முதல், அடையாள அட்டை உள்ள விவசாயிக்குக் கடை இலவசம்.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பிடிப்பது என்ன? 1987 சட்டப்படி 1 சதவீதம் சந்தைக் கட்டணம். அதைக் கட்ட வேண்டியவர் வாங்கும் வியாபாரி. விற்கும் விவசாயி அல்ல.

சந்தைக்கு வெளியே சாலையோரம் கடை போட்டால்? நீங்கள் 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்தின் கீழ் வருகிறீர்கள். கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும் வரை அப்புறப்படுத்தக் கூடாது.

மாட்டை இறைச்சிக்கு விற்கத் தடையா? சந்தையில் அப்படி விற்பதைத் தடுக்க 2017 மே மாதம் வந்த மத்திய விதிகளுக்கு முதலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுமைக்கும் விரித்தது.

மாட்டுக்குச் சந்தையில் தரும் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டுமா? கட்டாயம். மாடு உங்களுடையது என்று வழியில் காட்ட உங்கள் கையில் இருக்கும் காகிதம் அதுதான்.

சீட்டு தராமல் காசு கேட்டால்? கொடுக்காதீர்கள்.

மார்ச் 31-க்குள் செய்யக்கூடியது

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மூன்று காகிதங்களைக் கேளுங்கள்: சந்தைக் கட்டணத்தை நிர்ணயித்த மன்றத் தீர்மானம், குத்தகை ஒப்பந்தம், ஏலத் தொகை. 30 நாளில் பதில் தர வேண்டும். வந்ததும் ஏலத் தொகையை 52-ஆல் வகுங்கள். உங்கள் சந்தையில் உள்ள கடைகளை எண்ணி, பட்டியல் கட்டணத்தால் பெருக்குங்கள். இரண்டு விடையையும் ஒரே தாளில் எழுதி உங்கள் வார்டு உறுப்பினரிடம் கொடுங்கள்.

மன்றங்களிடம் ஒரு வேண்டுகோள். புதுக் குத்தகைக்குக் கையெழுத்திடும் முன், சந்தையின் ஒவ்வொரு நுழைவாயிலிலும் கட்டணப் பலகை வையுங்கள். எண்களைத் தூரத்திலிருந்து படிக்கும் அளவுக்குப் பெரிதாக எழுதுங்கள். சாக்கு விரித்து உட்காரும் அந்த மூதாட்டிக்கு எழுத்துத் தெரியாமல் இருக்கலாம். எண் தெரியும்.