ஓடாத காரும் தேயும்

மாமல்லபுரம் அருகே கடற்கரை வீடொன்றில் பெரும்பாலும் நின்றே கிடந்த ஸ்போர்ட்ஸ் காரை வாங்க, என் முன்னாள் மாணவர் தம் சேமிப்பு முழுவதையும் ஒதுக்கியிருந்தார். “14,000 கிலோமீட்டர்தான் சார் ஓடியிருக்கு” என்பதே விற்பவரின் வாதம்.

2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜார்ஜ் அகெர்லாஃப், 1970இல் எழுதிய கட்டுரைக்குப் பழைய கார்ச் சந்தையையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். விற்பவர் அறிந்த குறையை வாங்குபவர் அறியாதபோது, எதையும் சராசரி விலைக்கே கேட்பார். அதனால் நல்ல கார்கள்தாம் முதலில் சந்தையைவிட்டு விலகும். இந்த அறியாமையை ஓடோமீட்டர் எண் போக்கிவிடும் என நம்புகிறோம். நின்ற காலத்தில் நேர்ந்ததை அது சொல்வதில்லை. உப்புக் காற்றில் அடிப்பாகம் துருப்பிடிக்கும். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். அந்தக் காரின் டயரில் 2316 என்றிருந்தது. 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். தேய்மானமே இல்லை, ஆனால் பக்கமெல்லாம் வெடிப்பு.

ஓடிய தூரம் பொருட்டல்ல என்று சொல்லவில்லை; கிளட்சும் சஸ்பென்ஷனும் ஓட்டத்தால்தான் தேயும். ஆயினும், முறையான சர்வீஸ் பதிவுகளுடன் 50,000 கிலோமீட்டர் ஓடிய காருக்கே நான் கூடுதல் விலை தருவேன்.

காரை லிஃப்டில் ஏற்றிப் பார்க்க மெக்கானிக் கேட்கும் கூலி, அந்தச் சேமிப்போடு ஒப்பிட்டால் அற்பம். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை. நாங்கள் செங்கல்பட்டுக்குத் திரும்பிவிட்டோம்.