ஊரார் காத்த கல் வீடுகள்

ஸ்காட்லாந்து நாட்டின் வடமேற்கே, அட்லாண்டிக் கடலின் அலைகள் ஓயாது மோதும் லூயிஸ் என்னும் தீவு இருக்கிறது. அதன் மேற்குக் கரையில், கார்லோவே என்ற ஊருக்கு அருகே, கடலை நோக்கி இறங்கும் சரிவில் கேரனின் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அதனைச் சென்று காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அங்கு நின்றவை ஒன்பது கல் வீடுகளே. ஆயினும் கிராமப் பணியில் ஈடுபட்டோர் அறியவேண்டிய செய்திகள் அவற்றில் பல உள.

வீட்டின் அமைப்பு

இவற்றைக் ‘கறுப்பு வீடுகள்’ என்று அழைக்கின்றனர். பின்னாளில் சாந்து வைத்துக் கட்டப்பட்ட ‘வெள்ளை வீடு’களினின்று வேறுபடுத்தவே இப்பெயர் வழங்கலாயிற்று என்பர். சாந்து இன்றிக் கல்லின்மேல் கல்லை அடுக்கி, அருகருகே இரு சுவர்களை எழுப்பி, இடையே மண்ணை நிரப்பினர். இவ்வாறு அமையும் சுவரின் கனம் ஒன்றரை மீட்டர் வரையிலும், சில இடங்களில் அதற்கு மேலும் இருப்பதுண்டு.

நம் வீடுகளில் கூரையின் தாழ்வாரம் சுவருக்கு வெளியே நீண்டிருக்கும். அங்கோ கூரை உட்சுவரின்மீதே முடிந்துவிடுகிறது. மழைநீர் நடுவிலுள்ள மண்ணில் இறங்குகிறது. முதலில் இதனைக் குறை என்றே எண்ணினேன். ஆனால் ஈரம் ஏறி இறுகிய அம்மண்ணே கடற்காற்று உள்ளே புகாதவாறு தடுக்கிறது. மூலைகள் வளைந்தும் கூரை தாழ்ந்தும் இருப்பதால், புயற்காற்று வீட்டைத் தாக்காமல் வழுவிச் செல்கிறது.

மரம் அரிதான தீவு அது. கடல் கரையில் ஒதுக்கிய மரங்களையும் கூரைக்குப் பயன்படுத்தினர். அவற்றின்மேல் புல்லோடு பெயர்த்த மண்பாளங்களைப் பரப்பி, வைக்கோல் வேய்ந்து, குறுக்கே கயிறுகளை இழுத்து, நுனிகளில் கனத்த கற்களைக் கட்டித் தொங்கவிட்டனர்.

எதுவும் வீணாகாத வாழ்க்கை

பழைய நாளில் ஒரே கூரையின்கீழ் ஒரு பக்கம் மக்களும் மறுபக்கம் மாடுகளும் இருந்தனர். சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய கரிமண் கட்டிகளே எரிபொருள். புகைபோக்கி இல்லாமையால் புகை கூரை வழியாகவே கசிந்து வெளியேறியது. புகைக்கரி படிந்த பழைய வைக்கோலை இறக்கி வயலுக்கு எருவாக இட்டனர். குளிர்காலம் முழுதும் தொழுவத்தில் சேர்ந்த சாணத்தை வெளியேற்ற, சில வீடுகளில் தொழுவத்தின் கோடிச் சுவரையே பெயர்த்துப் பின்னர் மீண்டும் அடுக்கினர். பார்லியும் ஓட்ஸும் உருளைக்கிழங்கும் அவ்வெருவில் விளைந்தன.

எனினும், புகையிலும் கால்நடைகளின் அருகிலும் வாழ்வது உடல்நலத்திற்கு ஏற்றதன்று. மக்கள் இருக்கும் பகுதிக்கும் தொழுவத்திற்கும் இடையே தடுப்பு வேண்டுமென அதிகாரிகள் பின்னர் வற்புறுத்தினர். பழமையைப் போற்றுங்கால் இதனை மறைத்தல் தகாது.

ஊர் வெறுமையானது

வைக்கோற் கூரையை அடிக்கடி புதுப்பித்தல் வேண்டும். கூரை வேய்வதும் கரிமண் வெட்டுவதும் ஒரு குடும்பத்தால் மட்டும் ஆகக்கூடிய வேலைகள் அல்ல. அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் உதவியே அவற்றைச் செய்துவந்தனர். இளைஞர் பிழைப்புத் தேடி வெளியேறவே, கூரைமேல் ஏறக் கைகள் இல்லாமற்போயின. 1974ஆம் ஆண்டில், எஞ்சியிருந்த முதியோரும் வசதியான புதிய வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். பின்னர்க் கூரைகள் சரிந்தன. கல் தளரவில்லை, கூட்டுழைப்பே தளர்ந்தது.

மீட்சி

1989ஆம் ஆண்டில் அவ்வட்டார மக்கள் ஓர் அறக்கட்டளையை நிறுவினர். சுவர்களைப் பழைய முறையிலேயே சீர்செய்து கூரை வேய்ந்தனர். உள்ளே குடிநீர், மின்சாரம், கழிப்பறை ஆகிய வசதிகளை அமைத்தனர். இன்று ஒரு வீடு 1955ஆம் ஆண்டின் வாழ்க்கையைக் காட்டும் காட்சிச்சாலையாக விளங்குகிறது. வேறு சில வீடுகளில் பயணிகள் வாடகைக்குத் தங்குகின்றனர்.

காட்சிச்சாலையில் காலால் மிதித்து இயக்கும் கம்பளித் தறி ஒன்றும் உண்டு. அத்தீவுக் கூட்டத்தில் வாழ்வோர் தம் வீடுகளிலேயே கையால் நெய்த துணிக்கே ‘ஹாரிஸ் ட்வீட்’ என்ற பெயர் உரியது என 1993ஆம் ஆண்டின் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. ஊரின் தொழிலுக்கு ஊரின் பெயரே காவலாயிற்று.

நாம் கொள்ளத்தக்கது

ஒன்றை மட்டும் மறவாமற் கூற வேண்டும். வீடுகள் மீண்டன, ஆனால் அவற்றில் மாடு வளர்த்து, பயிர் செய்து வாழ்ந்த குடும்பங்கள் மீளவில்லை. ஊர் வெறுமையான பின் பதினைந்து ஆண்டுகள் கழித்தே முயற்சி தொடங்கிற்று. குடியிருந்த முதியோர் வெளியேறுமுன்பே புதிய வீடுகளுக்கு ஒத்த வசதிகள் அவ்வீடுகளுக்கு வந்திருப்பின், அவருட் சிலரேனும் அங்கேயே தங்கியிருக்கக் கூடுமன்றோ?

ஆகவே, தம் எல்லையில் பழைய சத்திரமோ, கல் மண்டபமோ, கிணறோ உடைய பஞ்சாயத்துகள், அதனைச் செப்பனிடும் முறை அறிந்த கொத்தர்களும் முதியோரும் இருக்கும்பொழுதே அப்பணியை மேற்கொள்ளுதல் நலம். மக்கள் பயன்படுத்தும் கட்டடமே நிலைத்து நிற்கும். பயன்படுத்துவோருக்கு வேண்டிய வசதியைச் செய்து தருவதே பழமையைக் காக்கும் முதற்பணியாகும்.