கம்ப்யூட்டர் 'டக் டக்' என்றால் கை வைக்காதீர்கள்!

மிக்ஸி மக்கர் பண்ணினால் நாம் என்ன செய்கிறோம்? ஜாரைக் கழற்றி மாட்டுவோம், ஒரு தட்டு தட்டுவோம், பத்து தடவை ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைப்போம். பாதி நேரம் ஓடியும் விடும். அதே வைத்தியத்தை நான் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் செய்தேன். அதில் போனது என் அம்மாவின் குரல். வேறொரு சகோதரிக்கு இப்படி ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். திருவண்ணாமலைக்கும் போளூருக்கும் நடுவே, செய்யாற்றங்கரையில் உள்ள கலசப்பாக்கம் எங்கள் ஊர். கம்ப்யூட்டரெல்லாம் பட்டணத்துச் சமாசாரம் என்றிருந்த காலம் போய்விட்டது. 2011 செப்டம்பர் 15ம் தேதி தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கும் திட்டம் ஆரம்பித்ததும் அதே நாளில்தான். அதன் பிறகு எங்கள் தெருவிலேயே பல வீடுகளில் அம்மிக்குப் பக்கத்தில் மிக்ஸியும், அலமாரியில் கம்ப்யூட்டரும் வந்து உட்கார்ந்தன. நாங்கள் வாங்கியது பழைய மேஜைக் கம்ப்யூட்டர், இரண்டாம் கை.

2019ல் என் அம்மா, பிரசவ லேகியம் கிளறுகிற பக்குவத்தை வாயால் சொல்லச் சொல்ல, என் பையன் செல்போனில் பதிவு செய்து கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தான். சுக்கு எவ்வளவு, கண்டந்திப்பிலி எவ்வளவு, வெல்லப் பாகு எப்போது இறக்கணும், எல்லாம் அதில் இருந்தது. நடுநடுவே, "ஏண்டி, எழுதிக்கிறியா இல்லியா?" என்று என்னை அதட்டுவதும் இருந்தது. 2021ல் அம்மா போய்விட்டார்கள். 2024 ஐப்பசியில் என் பெண் ஏழு மாதக் கர்ப்பிணியாக வீட்டுக்கு வந்தாள். "பாட்டி சொன்னத போடும்மா, கேக்கலாம்" என்றாள்.

ஸ்விட்சைப் போட்டேன். கறுப்புத் திரையில் ஏதோ இங்கிலீஷ் எழுத்து வந்தது. எனக்குப் பயமே இல்லை. போன வருஷமும் இப்படித்தான் வந்தது. அன்றைக்குப் பையன் சொருகி மறந்த பென் டிரைவைப் பிடுங்கியதும் சரியாகிவிட்டது. இப்போதும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் இந்தத் தடவை பெட்டிக்குள்ளிருந்து 'டக்... டக்...' என்று ஒரு சத்தம். அணைத்துப் போட்டேன். மறுபடி போட்டேன். சாயங்காலம் வரை பத்துப் பதினைந்து தடவையாவது இருக்கும்.

மறுநாள் திருவண்ணாமலையில் ரிப்பேர் செய்கிற தம்பியிடம் கொண்டு போனோம். சத்தத்தைக் கேட்டதுமே அணைத்துவிட்டார். "எத்தனி வாட்டிக்கா ஆன் பண்ணீங்க?" என்றார். சொன்னேன். தலையில் கை வைத்துக் கொண்டார்.

பிறகு அவரே பொறுமையாக விளக்கினார். நாம் சேர்த்து வைக்கிற படம், பாட்டு எல்லாம் ஹார்டு டிஸ்க் என்ற பாகத்தில் இருக்கிறது. உள்ளே கண்ணாடி மாதிரி பளபளப்பான தட்டுகள். மேஜைக் கம்ப்யூட்டரில் அவை பெரும்பாலும் நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றும். மேலே ஒரு சின்ன முள், தட்டைத் தொடாமல், தலைமுடித் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில் மிதந்துகொண்டே படிக்கும். அந்த முள் கெட்டுப் போய்த் தடுமாறும்போதுதான் 'டக் டக்' சத்தம் வரும். அப்போது நாம் போட்டுப் போட்டு அணைத்தால், முள் தட்டில் உரசிக் கீறிவிடும். கீறின இடத்தில் இருந்தது போனது போனதுதான்.

1956ல் ஐ.பி.எம். கம்பெனி முதல் ஹார்டு டிஸ்க்கைக் கொண்டு வந்தபோது, 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள், ஏறக்குறைய ஒரு டன் எடை இருந்ததாம். அவ்வளவு பெரிய யந்திரத்தில் 50 லட்சம் எழுத்துதான் அடங்கும். இன்றைக்குச் செல்போனில் எடுக்கிற ஒன்றிரண்டு படத்துக்கே அது சரியாகப் போகும். இப்போது உள்ளங்கை அளவு டிஸ்க்கில் ஒரு குடும்பத்தின் ஆயுசே அடங்கிவிடுகிறது. போனால் மொத்தமாகப் போவதும் அதனால்தான்.

கம்ப்யூட்டர் கிளம்பவில்லை என்றால் எல்லாமே பெரிய வியாதி இல்லை. அந்தத் தம்பி சொன்னதை நோட்டில் எழுதி வந்தேன்.

சத்தமும் இல்லை, விளக்கும் எரியவில்லையா? சுவர் ப்ளக், யு.பி.எஸ்., பெட்டியின் பின்பக்க ஸ்விட்ச், வயர் நான்கையும் வரிசையாகப் பாருங்கள். துடைக்கும்போது தளர்ந்திருக்கும்.

மின்விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பா? மானிட்டர் வயரை அழுத்திச் சொருகுங்கள். 'பீப் பீப்' என்று கத்தினால் பெரும்பாலும் ராம் என்ற பட்டை சரியாக உட்காரவில்லை. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, அதைக் கழற்றி, பொன் நிறப் பல்லை ரப்பரால் மெதுவாகத் துடைத்து மாட்டினால் பல சமயம் சரியாகிவிடும்.

தேதி, மணி எல்லாம் பழைய வருஷத்தைக் காட்டுகிறதா? உள்ளே ரூபாய் நாணயம் போல ஒரு 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கும். கம்ப்யூட்டர் தன் அமைப்புகளை மறந்து, டிஸ்க்கைக் காணோம் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். செலவு கொஞ்சம்தான்.

சத்தம் எதுவும் இல்லாமல், டிஸ்க் இல்லை என்று மட்டும் எழுத்து வருகிறதா? முதலில் பென் டிரைவைப் பிடுங்குங்கள். அடுத்து, டிஸ்க்குக்குப் போகும் வயர் கழன்றிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

'டக் டக்' என்றோ 'கர்' என்றோ சத்தம் வந்தால், உடனே அணையுங்கள். தட்டக் கூடாது, ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, திறக்கவே கூடாது. தெரிந்தவரிடம் கொடுத்து, எது முக்கியமோ அதை முதலில் எடுக்கச் சொல்லுங்கள்.

இளம் தாய்மார்களுக்கு ஒன்று. கரண்ட் வருகிற பின்பக்கப் பெட்டியை மட்டும் யாரும் பிரிக்கக் கூடாது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் ஷாக் அடிக்கலாம். குழந்தைகள் கை எட்டாமல் வையுங்கள்.

எங்கள் டிஸ்க்கை அந்தத் தம்பி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, கல்யாணப் படங்களை எடுத்துக் கொடுத்தார். அம்மாவின் பதிவு திறக்கவேயில்லை. சென்னையில் தூசி புகாத அறையில் வைத்து டிஸ்க்கைப் பிரித்துப் பார்ப்பார்களாம். விசாரித்தோம். பல ஆயிரம் செலவு, கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. "வேணாம்மா" என்று என் பெண்ணே சொல்லிவிட்டாள்.

இப்போது வீட்டில் இருப்பது எஸ்.எஸ்.டி. என்ற புது வகை. சுற்றுகிற தட்டே கிடையாது, சீக்கிரம் கிளம்புகிறது. ஆனால் இது சத்தமே போடாமல் ஒருநாள் நின்றுவிடுமாம். ஆகவே எந்த வகையானாலும் நகல் வேண்டும்.

வருஷத்து ஊறுகாயை நாம் ஒரே ஜாடியிலா போட்டு வைக்கிறோம்? பூஞ்சை பிடித்தால் எல்லாம் போகுமே என்று இரண்டு மூன்றாகப் பிரித்துத்தானே வைக்கிறோம்! அதே கணக்குத்தான். முக்கியமானதற்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், அதில் ஒன்று வேறு வீட்டில். எங்கள் பக்கம் பௌர்ணமியை யாரும் மறக்க மாட்டார்கள். கிரிவலத்துக்குப் போகும் பஸ் கூட்டமே ஞாபகப்படுத்திவிடும். அன்றைக்கு நகல் எடுப்பது என்று வைத்துக்கொண்டேன். ஒரு டிஸ்க் ஆரணியில் என் தங்கை வீட்டில் இருக்கிறது.

லேகியம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? நானும் தங்கையும் உட்கார்ந்து, அம்மா சொன்னதை ஞாபகப்படுத்தி, சண்டை போட்டு, ஒருவழியாகக் கிளறிவிட்டோம். பேரன் பிறந்த பிறகு என் பெண் சாப்பிட்டுப் பார்த்து, "பாட்டி லேகியம் மாதிரியேதான் இருக்கு" என்றாள். பக்குவத்தை நோட்டிலும் எழுதியாகிவிட்டது. "ஏண்டி, எழுதிக்கிறியா இல்லியா?" என்று அதட்டும் குரல்தான் இல்லை.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் இன்றைக்கு நன்றாக ஓடுகிறதா? அப்படியானால் நகல் எடுக்க இதுதான் நல்ல நாள்.